நாற்பது விநாடிப் பாதம்

முதலில் ஒலியை அடைத்துவிடுவார். பிறகுதான் படத்தை ஓடவிட்டு, வாசிப்பவர்களின் கைகளை மட்டும் பார்ப்பார். பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் காது கண்ணை ஏமாற்றிவிடுமாம். பழைய படச்சுருள்களைத் துலக்கி, ஒலியும் படமும் பொருந்தும்படி சேர்த்துக் கொடுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. விரலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவரைவிடப் பத்து வயது மூத்த மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

கழுத்து வலிக்கு ஒரு துண்டைச் சுருட்டி நாற்காலியில் செருகி வைத்திருப்பார். கண்ணுக்குச் சொட்டு மருந்து மேசையிலேயே இருக்கும். தேநீர் ஆறி ஆடை படிந்த பிறகுதான் ஞாபகம் வரும், அப்படியே குடிப்பார். வீட்டில் வானொலியைத் தொடக் கூடாது. கணவர், பேருந்து ஓட்டுநர், பாவம், பாட்டென்றால் உயிர். மனிதர் குளியலறையில் போய்த்தான் முணுமுணுக்க வேண்டியிருக்கிறது.

நான்கு மாதமாக விரலக்காவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ராக் குழுவின் மேடைக் கச்சேரிப் படம். ஐம்பது வருடப் பழசு. தோள்வரை முடி வளர்த்த ஐந்து பேர், மேடை நிறையப் புகை, ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிடம். தாளம் ஏழில் போய்க்கொண்டே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஐந்துக்குத் தாவும். "இவங்க ஆரம்பிக்கறப்ப உலை வெச்சா, முடிக்கறதுக்குள்ள சாப்பிட்டுக் கையும் கழுவிடலாம்" என்பது அவருடைய விமர்சனம்.

அந்தப் பாட்டில்தான் வில்லங்கம். நடுவில் கீபோர்டுக்காரர் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. ரசிகர்கள் உருகிப்போகும் இடம். விரல்கள் எங்கெங்கே விழுகின்றன என்று குறித்துக்கொண்டு ஒலியோடு ஒப்பிட்டால், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வேறு பாட்டுக்கு வாசித்த கை அது. அன்றைக்கு மூன்று கேமராக்காரர்களும் ஆர்வக்கோளாறில் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு சுருள் பதினொரு நிமிடம்தான் வரும். மூன்றும் ஒன்றாகத் தீர்ந்து, புதுசு மாட்டுவதற்குள் நாற்பது விநாடி போயே போய்விட்டது. அந்த ஓட்டையைத்தான் யாரோ இரவல் கையால் அடைத்திருக்கிறார்கள்.

மேடையோரம் தரையில் நான்காவதாக ஒரு சின்ன கேமராவும் இருந்திருக்கிறது. அதை முடுக்க மறந்து, நான்கு நிமிடம் கழித்து ஓடவிட்டதால், மற்ற மூன்றும் தீர்ந்தபோதும் அதில் சுருள் மிச்சமிருந்திருக்கிறது. அந்த மறதி வாழ்க! 'வேண்டாதவை' என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் அந்தச் சுருள் கிடைத்தது. அதில் கை இல்லை, முகம் இல்லை. அரையிருட்டில் கீபோர்டுக்கு அடியில் மிதிகட்டையை அழுத்தும் ஒரு வெறும் பாதம், நாற்பது விநாடியும்.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "இருட்டுல ஒரு காலு. இதைப் பார்க்கவா ஜனங்க வருவாங்க? பழைய கையே இருக்கட்டும் அக்கா, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

அதற்குமேல் வாதாட விரலக்காவுக்குத் தெம்பில்லை. எத்தனையோ ஒட்டுவேலைக்குத் தலையாட்டியவர்தான். இந்த நாற்பது விநாடியாவது நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓர் ஆசை. நான்கு மாதத்தில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

கீபோர்டுக்காரர் எதைச் சரி என்கிறாரோ அதுவே கடைசி என்று ஒப்பந்தம். அவரே வந்தார். எழுபத்தெட்டு வயது, இரண்டு கையும் நடுங்குகிறது. முதலில் பழைய கையை ஓட்டிக் காட்டினார்கள்.

"நல்லாத்தான் வாசிக்கறான்" என்றார் அவர், யாரையோ சொல்வதுபோல. "ஆனா இது வேற பாட்டுக்கு வாசிச்சது. யார்கிட்டச் சொன்னாலும் நம்பல. அலுத்துப்போய் நானும் விட்டுட்டேன்."

அடுத்துப் பாதம் ஓடியது. பாதி ஓடுவதற்குள், ரொம்ப இருட்டாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று மேலாளர் ஆரம்பித்துவிட்டார்.

விரலக்கா திரையைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிழவரின் வலது கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, ஏழு ஏழாக, பிறகு ஐந்து ஐந்தாக, ஒன்றுகூடத் தப்பாமல். விரலக்கா டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'வேண்டாதவை' என்ற சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.