கிளிட்டஸும் நான்கு பொப்பெஸ்குகளும்

ரூம் பட்டியலைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார் கிளிட்டஸ். சவுதியின் ஜுபைல் ஆலையில் பராமரிப்பு வேலைக்கு ருமேனியாவிலிருந்து முப்பது வெல்டர்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் குடும்பப்பெயர் இருந்தது. கேம்ப் கிளார்க்கான அவருக்கு இப்படியொரு வசதி அதுவரை வாய்த்ததில்லை. பொப்பெஸ்கு என்று நான்கு பேர். கூடப் பிறந்தவர்களைப் பிரித்த பாவம் தனக்கு எதற்கு என்று நால்வரையும் ஒரே அறையில் போட்டார்.

மறுநாள் நால்வரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். விமானத்தில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்களாம். பொப்பெஸ்கு என்றால் பாதிரியார் மகன் என்று மூத்தவன் பொறுமையாக விளக்கினான்.

அவர்கள் போனதும் கிளிட்டஸ் கதவைச் சாத்தினார். அவர் குளச்சல் கத்தோலிக்கர்.

“மக்கா கௌசு, நாலு பேரும் சாமியாருக்க பிள்ளையளாம். வெளிய சொல்லிராத, பாவம்.”

“அவங்க சபையில சாமியாரு கல்யாணம் கட்டலாமாம்ணே” என்றான் உடன் வேலை பார்க்கும் கௌஸ் முகைதீன்.

“கெட்டட்டும். அத பாஸ்போர்ட்லயா எழுதி வைக்கணும்?”

அதன்பின் விசாரிப்பதே வழக்கமாயிற்று. மெஸ் வரிசையில் நிற்பவனை நிறுத்திப் பெயருக்குப் பொருள் கேட்பார். ஒலாரு குயவன். மொல்தொவியானு மொல்தாவியாக்காரன். முந்தியானு மலைக்காரன், அவன் தம்பி ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறான், அத்தை மகன் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான். “எவனோ ஒரு பாட்டன் மலையில இருந்து எறங்கினான். இவனுவ போற எடமெல்லாம் மலையத் தூக்கிட்டு அலையுதானுவ.”

அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தே போதுமானதாக இருந்தது. அவருக்கு அவர் அப்பாவின் எழுத்து, மனைவி ரினிக்கு அவள் அப்பாவின் எழுத்து, மகன் எபினுக்கு இவருடையது. மூவரும் ஒரே குடும்பம் என்பதை விசா அலுவலகம் இரண்டு முறை நம்ப மறுத்துவிட்டது. பொதுவாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு வா என்றார் ஏஜென்ட். எபினுக்கு ஐந்து வயது. அப்பாவை இரண்டு லீவில் பார்த்திருக்கிறான்.

கிளிட்டஸ் மொல்தாவியாக்காரன் வழியில் ஊர்ப்பெயரைப் பிடித்தார். ரினிக்குப் போன் போட்டார்.

“மூணு பேருக்கும் கொளச்சல்னு போடப்போறேன்.”

“எனக்க ஊரு முட்டமாக்கும்.”

“பிள்ளைய இங்க கூட்டிட்டு வரண்டாமா?”

“வரணும். பிள்ளை பொறந்ததும் முட்டத்துலதான். நீங்க அன்னைக்கி ஜுபைல்ல இருந்திய.”

போனை வைத்தார். பாஸ்போர்ட் படிவத்தை இழுத்து, குடும்பப்பெயர் கட்டத்தில் பெரிய எழுத்தில் முட்டம் என்று எழுதினார். கௌஸ் உள்ளே வரவும், இடது கையை விரித்து அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.