மண்ணெண்ணெயில் ஓடிய மாமாவின் கார்

1993ஆம் ஆண்டு, காலபோகம் என்கிற மாரிகால நெல் அறுவடை முடிந்திருந்த நேரம். நாங்கள் அப்போது கிளிநொச்சிக்குக் கிட்ட வட்டக்கச்சியில் இருந்தோம். சில மாதங்களுக்கு முன்னர் என் கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கால் மடங்க மறுத்தது. கிழமைக்கு ஒருதரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்யாவிட்டால் கால் அப்படியே விறைத்துவிடும் என்றார் டொக்டர். மாட்டு வண்டியில் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனேன். வண்டி குழியில் விழுந்தெழும்பும்போதெல்லாம் வலியில் அவருக்குக் கண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை, "இனி என்னைக் கரைச்சல் படுத்தாதையும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதோடு பேச்சும் நின்றுபோனது.

அந்த நாட்களில் எங்கள் கோழியொன்று காணாமல் போனது. தேடிக்கொண்டு பின்வளவு நெல் அறைக்குப் போனேன். அங்கே சாக்குகளால் மூடியபடி மாமாவின், அதாவது கணவரின் தகப்பனாரின், ஏ-ஃபோட்டி என்ற பழைய இங்கிலாந்துக் கார் நின்றது. மாமா இறந்து, போர்க்காலத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவதும் நின்றபிறகு அதை யாரும் தொட்டதில்லை. பின் சீற்றில் கோழி அடை கிடந்தது.

வந்து சொன்னேன். அவர் தலையைத் திருப்பினார்.

"சீற்றைக் கிழிச்சுப்போட்டுதே?"

கன நாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி. விடக்கூடாது என்று எனக்குப் பட்டது. "எனக்கென்ன தெரியும்? நீங்களே வந்து பாருங்கோ" என்றேன்.

பக்கத்து வளவில் உழவு மெசின் வைத்திருந்த அண்ணரும் நானும் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய்க் காருக்கு முன்னால் வைத்தோம். பொனற்றைத் திறந்ததும் எலிக்கூடும் தூசியும்தான். அவரோ ஏதோ புதுக்கார் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தப் பழைய எஞ்சின் மண்ணெண்ணெயிலும் ஓடும், ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும் என்றார்.

அன்று தொடங்கியது வேலை. அவர் கதிரையிலிருந்து சொல்லச்சொல்ல நான் கழற்றினேன், கழுவினேன், பூட்டினேன். அடைபட்ட காபரேற்றரைச் சைக்கிள் பிறேக் கம்பியின் ஒரு இழையால் குத்தித் துப்புரவாக்கினேன். பிழையாகப் பூட்டினால் சத்தம் போட்டார். நானும் திருப்பிப் போட்டேன். நான் குழைத்த புட்டு மண்ணெண்ணெய் மணக்கிறது என்று ஒருநாள் முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். குஞ்சு பொரிக்கும்வரை பின் சீற்றைத் தொட நான் விடவில்லை.

எல்லாம் பூட்டியாயிற்று, பெற்றோல்தான் இல்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் எங்கள் படலையில் நின்று காரின் கதையைக் கேட்டறிந்தார். அடுத்தமுறை வந்தபோது மீன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்துத் தந்தார். படகு எஞ்சினுக்கு வைத்திருந்த பெற்றோல்.

"இதுக்கு என்ன தாறது அண்ணை?"

"ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. ஸ்ராட் வாறதைப் பாத்திட்டுப் போறன்."

பக்கத்து அண்ணர் மெசின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். என் கணவர் கதிரையிலிருந்து எட்டிக் காபரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காரின் முன்பக்கத்தில் செருகிய கம்பியைப் பிடித்துச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவது என் வேலை.

"பெருவிரலையும் மற்ற விரலுகளோடை வையும். கம்பி திருப்பி அடிச்சா கை முறிஞ்சுபோகும்" என்றார் அவர்.

சுற்றினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினேன், கம்பி திருப்பி அடித்து என்னை இருத்திவிட்டது. எழும்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றியபோது கார் இருமியது. குலுங்கியது. நெல் அறை முழுக்க வெள்ளைப் புகை.

"மாதாவே! உயிர் வந்திட்டுது!" என்று மீன்கார அண்ணர் கத்தினார்.

ஓட்டவும் நான்தான் பழகினேன், அறுத்த வயலில். முதல்நாளே வரம்பில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்துச் சீற்றிலிருந்தவர் ஏசப்போகிறார் என்று பயந்துகொண்டு திரும்பினால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்பு நோகுது என்று சொல்லிச்சொல்லிச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

கிளிநொச்சிக்கு மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தாதி ஒருவர், "ஆர் காரை ஓடிக்கொண்டு வந்தது?" என்று கேட்டார்.

"என்ரை மனிசி. கழட்டிப் பூட்டினதும் அவாதான்" என்றார் அவர். என் காது குளிர்ந்துபோனது.

கால் மெல்ல மடங்கத் தொடங்கியது. அடுத்த விதைப்புக்கு அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போனார். தொண்ணூற்றாறில் சண்டை கிட்ட வந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது கார் எங்களை விசுவமடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே ரயர் வெடித்தது, மாற்ற வேறு ரயர் கிடைக்கவில்லை. காரைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வந்தோம்.

கலியாணம் முடித்த காலத்திலிருந்து கதைத்ததைவிட அந்த நெல் அறையில்தான் நாங்கள் இருவரும் அதிகம் கதைத்தோம் என்று நினைக்கிறேன். இப்போதும் எங்களில் ஒருவர் மனம் சோர்ந்து பேச்சில்லாமல் இருந்தால், மற்றவர் ஆறுதல் சொல்வதில்லை. வீட்டில் பழுதாகிக் கிடக்கும் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.