வெறுங்காலில் பனிமலை

பங்குனி பிறந்துவிட்டது. காங்கேயத்தில் இந்நேரம் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும். இங்கே இமாச்சலத்தில், கணுக்கால் புதையும் பனிக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் நிற்கிறோம். எங்களில் மூத்தவரான எண்ணெய் மில் பழனிச்சாமி அண்ணன், வாடகைக்கு எடுத்த பூட்ஸைக் கழற்றுகிறார்.

"ஏனுங்க, மலையில போய் செருப்போட ஏறுவாங்களா? நம்ம வெள்ளியங்கிரிக்கு வருசா வருசம் வெறுங்கால்லதானுங்க ஏறுறேன்."

மறுத்துப் பேசலாம்தான். ஆனால் நாங்கள் மரியாதை தெரிந்த ஊர்க்காரர்கள். மூத்தவர் கழற்றிவிட்டு நிற்கும்போது நாம் மட்டும் போட்டுக்கொண்டு நிற்பது எப்படி? மற்ற மூன்று ஜோடி பூட்ஸும் கழல்கின்றன.

வழிகாட்டி எங்கள் கால்களைப் பார்க்கிறார், பிறகு முகங்களைப் பார்க்கிறார். என் அரைகுறை இந்தியில் காரணம் சொல்கிறேன். மேலே கோயில் எதுவும் கிடையாது, தன் மைத்துனரின் டீக்கடைதான் இருக்கிறது என்கிறார். அதை அண்ணனிடம் சொல்கிறேன்.

"சாமி இல்லாத மலை ஏதுங்க? அவருக்கென்னங்க தெரியும், வாங்க."

அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு என்ன தெரியும்? நடக்கிறோம். பக்தி பதினோரு அடி தாங்குகிறது. பன்னிரண்டாவது அடியில் அண்ணன் ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். குரல் மிகவும் பணிவாகிவிட்டது.

"ஏனுங்க, மேல சாமி இல்லைன்னுதானுங்களே அந்தத் தம்பி சொன்னாரு?"

"ஆமாங்கண்ணா. டீக்கடைதானுங்க."

"உள்ளூர்க்காரரு சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். பூட்ஸை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."