விசில் ஊதிவிட்டுச் சும்மா நின்ற சதாசிவம்

பத்து காஜா ஊரில் குடியிருக்கும் சதாசிவம் அண்ணனுக்குச் சனிக்கிழமை காலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வீட்டில் பசியாறும் வழக்கம் கிடையாது. சனிக்கிழமை மகேந்திரன் வந்து அழைத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை விக்னேஸ்வரன். இருவரும் போவது நஜ்முதீன் பாய் கடைக்குத்தான், உட்காருவதும் காற்றாடிக்குக் கீழே இருக்கும் அதே மேசைதான். ஒருவர் ரொட்டி சனாய் வாங்கித் தருவார், மற்றவர் தோசை. சாப்பிட்டு முடித்ததும் இருவரும் கேட்பது ஒரே கேள்வி: அன்றைக்கு ஜெயித்தது யார்? சதாசிவம் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். இருபத்தொன்பது வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட நடுநிலையான ஆள் கிடைக்கமாட்டார். நான் கீழ் டிவிசன்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. விக்னேஸ்வரனும் கீழ் டிவிசன்தான். ஆனால் விக்னேஸ்வரன்தான் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது உண்மை, அதனால் சொல்கிறேன்.

பீடோருக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு. மற்ற தோட்டங்களில் பையன்கள் பந்து உதைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் திடலை எடுத்து நாற்றுமேடை போட்டுவிட்டதால் மிச்சம் இருந்தது ரப்பர் பால் ஸ்டோருக்கு முன்னாலிருந்த சிமெண்டுத் தளம் மட்டும்தான். அதில் விழுந்தால் முட்டித் தோல் போய்விடும். ஆகவே இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, வளையம் மாட்டி, கூடைப்பந்துக்கு மாறினோம். பீடோர் சீனப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விதிமுறை வகுப்பு நடத்தியபோது தோட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆள் போனார். அது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம். சான்றிதழ் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். வேறு யாரிடமும் விசில் இல்லை.

மகேந்திரனும் விக்னேஸ்வரனும் அந்தச் சிமெண்டுத் தளத்திலிருந்து பேராக் மாநிலக் குழுவரைக்கும் போனவர்கள். மகேந்திரன் மாநிலத்துக்கு நான்கு வருடம் ஆடினார். அதில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். விக்னேஸ்வரன் ஆடியது ஒரே வருடம், ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட உட்காரவில்லை. பிறகு முட்டி போய்விட்டது. மகேந்திரன் ஒரே ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்தார் என்று மேல் டிவிசன்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்வார்கள். அது ஹுத்தான் மெலிந்தாங் அணிக்கு எதிரான ஆட்டம். அந்த அணியில் பாதிப் பேர் அன்று மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகும் போட்டி நிற்கவில்லை. மகேந்திரன் லோரி ஓட்டுகிறார், விக்னேஸ்வரன் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகேந்திரனுக்கு முட்டியில் ஓர் அறுவை சிகிச்சை, விக்னேஸ்வரனுக்கு இரண்டு. அதிகம் அறுத்துக்கொண்டவர் பெரிய ஆட்டக்காரரா, குறைவாக அறுத்துக்கொண்டவரா என்று ஒரு தீபாவளி முழுக்க விவாதம் நடந்தது. போன வருடம் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் சேர்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் நேரில் நடக்காது, ஏனென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமை சொன்னதை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் சதாசிவம் அண்ணன்.

பேச்சு நின்றுபோனது 1995 ஆடித் திருவிழா அன்று. மாரியம்மன் ரதம் டிராக்டரில் கிளம்பும் நாளில் திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்தை வைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். மேல் டிவிசன் 48, கீழ் டிவிசன் 47. முடிய சில விநாடிதான் பாக்கி. விக்னேஸ்வரன் பந்தோடு வளையத்தை நோக்கி எழும்பினார், மகேந்திரன் குறுக்கே நின்றார், இருவரும் மோதிக்கொண்டார்கள். பந்து வலைக்குள் போயிற்று. மகேந்திரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நீளமாக ஒரு விசில் கேட்டது. பந்து செல்லும் என்றால் கீழ் டிவிசனுக்குக் கோப்பை. விக்னேஸ்வரன் இடித்தது தப்பு என்றால் மேல் டிவிசனுக்கு. தோட்டமே சதாசிவம் அண்ணனின் கையைப் பார்த்தது. கை அசையவில்லை. ஆள் அப்படியே நின்றார். கடைசியில், முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் வரவில்லை. கோயில் கமிட்டி கோப்பையை மகேந்திரனிடமும் அதன் மூடியை விக்னேஸ்வரனிடமும் கொடுத்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, சனங்கள் ஈப்போ, கம்பார், பத்து காஜா என்று பிரிந்தார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் எல்லாரும் அங்கே கூடுகிறோம். மேல் டிவிசன் வலது பக்கம் உட்காரும், கீழ் டிவிசன் இடது பக்கம். வீடே இல்லாவிட்டாலும் டிவிசனை விட்டுவிட முடியுமா?

இந்த வருடம் கமிட்டித் தலைவர் புனிதா அக்கா ஒரு நல்ல காரியம் செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்கினார். கோயில் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கூடைப்பந்துத் தளம் போட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேருக்கும் அம்மன் சன்னதியில் மாலை போடலாம் என்றார். போடலாம். ஆனால் முதல் மாலை யாருக்கு? எங்கள் கோயிலில் முதல் மாலை வாங்குவது சாமானியமில்லை. அதை வாங்கியவன் தாத்தாவாகிச் செத்த பிறகும் அவன் குடும்பத்தை முதல் மாலைக் குடும்பம் என்பார்கள். கமிட்டியில் இரண்டு மணி நேரம் சத்தம். நான் செயலாளர், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் புனிதா அக்கா, அன்றைக்கு விசில் ஊதியவரே வந்து முடிவைச் சொல்லி, முதல் மாலையையும் அவர் கையாலேயே போடட்டும் என்று எழுந்துவிட்டார்.

திருவிழா அன்று காலையில் பத்து காஜாவிலிருந்து சதாசிவம் அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அறுபத்தேழு வயது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. கம்பாரைத் தாண்டினோம். தாப்பா வரும்போது வாயைத் திறந்தார்.

"பவித்ரன், நான் பாக்கலடா."

"எத அண்ணே?"

"பந்த."

நான் பிரேக்கை மிதித்ததில் பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவர் மனைவி நல்லம்மா அக்காவுக்கு நிறைமாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. விக்னேஸ்வரன் பந்தோடு எழும்பிய நேரத்தில் ரதம் தளத்தின் ஓரமாக வந்திருக்கிறது. அம்மன் எதிரே வரும்போது பந்தையா பார்ப்பார்கள்? வாயில் விசிலோடு, நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடி, இந்தப் பிள்ளையையாவது கொடுத்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டார். ஆரவாரம் கேட்டுத் திடுக்கிட்டதில் விசில் தானாக ஊதிக்கொண்டது. கண்ணைத் திறந்தால் ஒருவன் தரையில் கிடக்கிறான், பந்து உருண்டு போகிறது, முந்நூறு பேர் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் தினேஸ்வரி பிறந்தாள். இப்போது ஜொகூரில் ஆசிரியர்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"மொத நாளு பயம். அப்புறம் ரெண்டு பேரும் வந்து பசியாற கூட்டிட்டு போனானுங்க. நல்லம்மா போனப்புறம் எனக்கு வேற யாருலா இருக்கா? திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் டீவிதான் பேசும், நான் கேப்பேன். இன்னைக்கு ஒருத்தன் பேர சொன்னா, மத்தவன் கோவிச்சிக்கிட்டு போயிடுவான். ஜெயிச்சவனுக்கு எங்கிட்ட கேக்க ஒண்ணும் இருக்காது, அவனும் வரமாட்டான்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நானும் மனிதன்தானே, மனசாட்சிப்படி விக்னேஸ்வரன் பெயரைச் சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பசியாறலாவது மிஞ்சும் என்று யோசனை சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சன்னதியில் மகேந்திரன் வலது பக்கம், விக்னேஸ்வரன் இடது பக்கம். இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியும் துண்டுமாக, தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் போட்டியிலும் முடிவு சொல்வது கஷ்டம். ஐயர் முதல் மாலையைச் சதாசிவம் அண்ணன் கையில் கொடுத்தார். புனிதா அக்கா மைக்கை நீட்டினார். அண்ணன் ஆட்டக்காரர்கள் இருவரையும் பார்த்தார், பிறகு அம்மனைப் பார்த்தார். அம்மனுக்கு விஷயம் தெரியும். அவருக்குப் பொய் வரவில்லை.

"ரதம் வந்துச்சு. கண்ண மூடி கும்புட்டேன். நான் ஒண்ணும் பாக்கல. யாரு ஜெயிச்சான்னு எனக்கு தெரியாது."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். இழுத்துப் பிடித்த தொப்பைகள் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. முதலில் பேசியது மகேந்திரன்.

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன், யோசிச்சிக்கிட்டு இருக்கேன்னீங்களே. பாக்காதத எப்படிண்ணே யோசிப்பீங்க?"

விக்னேஸ்வரன் அவர் பக்கம் திரும்பினார். "மச்சான், உங்கிட்டயும் அதேதான் சொன்னாரா?"

"சாமா, அதேதான். ஒரு எழுத்து மாத்தல."

இருவரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சதாசிவம் அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல், சேர்ந்தே அன்னதானப் பந்திக்குப் போனார்கள். ஒரே இலைவரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இடையிடையே சன்னதியைப் பார்த்து முறைத்தபடி சாப்பிட்டார்கள். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அண்ணனிடமிருந்து ஐயர் அதை வாங்கி அம்மனுக்கே சாற்றினார். எந்த டிவிசனாலும் அதை எதிர்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது அண்ணன் காரில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை யாரும் அவரைக் கூப்பிட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்கு நான் போனபோது ரொட்டியைப் பாலில்லாத தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார், நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்திருக்கும். அப்போதுதான் நஜ்முதீன் பாய் போன் செய்தார். பாய் அதிகம் பேசமாட்டார். ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க, வந்து சேருங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏசுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார் அண்ணன். ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டார்.

காற்றாடிக்குக் கீழே அதே மேசையில் மகேந்திரனும் விக்னேஸ்வரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி ஒன்று. அதில் இரண்டு பேர் கையெழுத்திலும் ஒரு பட்டியல். தோட்டத்தில் அவர்கள் மோதிய ஆட்டம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்திருந்தார்கள். அண்ணன் உட்காராமல் நின்றார். விக்னேஸ்வரன் காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு முதல் வரியில் விரலை வைத்தார்.

"தொண்ணூத்தொண்ணு, பொங்கல் ஆட்டம். ரெண்டாவது பாதியில என்னைய வெளிய அனுப்புனீங்க. பாத்துட்டு அனுப்புனீங்களா, பாக்காம அனுப்புனீங்களா?"

"உண்மைய சொல்லணும்ண்ணே," என்றார் மகேந்திரன். "எல்லா ஆட்டத்துக்கும் சொல்லணும். சொல்லாம விடமாட்டோம்."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மொத்தம் எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

அவர் கொப்பியை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "வயசாயிடுச்சிலா. வாரத்துக்கு ஒரு ஆட்டத்துக்கு மேல ஞாபகம் வராது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பாயிடம் மூன்று தோசை சொன்னார் மகேந்திரன், என்னையும் பார்த்துவிட்டு நாலு என்று திருத்தினார்.

அந்தப் பொங்கல் ஆட்டத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆறு வாரம் ஆயிற்று. நான் இதை எழுதும்போது இரண்டாவது ஆட்டத்தில் பந்தை இப்போதுதான் மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்.