ஆண்டவருக்கு வைத்த பெட்டி

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அன்றைக்கு ஒரு சாட்சி கேட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மற்ற ஊர்களில் இந்தப் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன்னால் வந்து சேரும். எங்கள் சபையிலும் கொமரலிங்கத்தில் வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் நெல் கொண்டுவரும். மற்றபடி திருப்பூரில் எங்களுக்கு விளைவதெல்லாம் பனியன்தானே? அதனால் பனியன் வரும், ஜட்டி வரும், குழந்தைகளுக்கான டி-ஷர்ட் வரும். ஆயரும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் ஆசீர்வதிப்பார்.

டேனியலும் ஸ்டெல்லாவும் எங்கள் சபைக் குடும்பம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தவர்களுக்கு, இந்த வருடம்தான் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து, நாங்கள் 'பையர்' என்போமே, அவர்களிடமிருந்து முதல் நேரடி ஆர்டர் வந்தது. நீல நிறத்தில் காலர் வைத்த டி-ஷர்ட்.

அந்தச் சந்தோஷத்தில் டேனியல் சபையில் எழுந்து நின்று ஆண்டவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார், பொருத்தனை செய்தார்.

"லைன்ல இருந்து வர்ற முதல் பெட்டி ஆண்டவருக்குங்க. பண்டிகைக்கு முதியோர் இல்லத்துப் பெரியவங்களுக்குக் குடுத்தர்றேனுங்க."

எல்லோரும் சேர்ந்து அல்லேலூயா சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

யூனிட்டில் செக்கிங் முழுவதும் ஸ்டெல்லாவின் பொறுப்பு. முதல் பெட்டிக்கான பீஸ்களை அவளே ஒவ்வொன்றாகப் பார்த்து மடித்து அடுக்கினாள். பெட்டியின் மேல் மார்க்கரால் 'ஆண்டவருக்கு' என்று எழுதி, ஆபீஸ் பீரோ மேல் ஏற்றி வைத்தாள்.

அப்புறம் வந்தது இன்ஸ்பெக்‌ஷன். பையரின் ஆள் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் பீஸ்களை ஒதுக்கிவிட்டார். ஒன்றில் ஊசி ஓட்டை. இன்னொன்றில் எண்ணெய்க் கறை. ஷிப்மென்ட்டுக்கு எண்ணிக்கை குறைந்தது. திரும்பத் தைக்கலாம் என்றால் அதே ஷேடில் துணி இல்லை. லாரி வந்து வாசலில் நிற்கிறது. முதல் ஆர்டரிலேயே குறைத்து அனுப்பினால் அடுத்த ஆர்டர் வருமா?

டேனியல் பீரோ மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, அது வேண்டாமுங்க. அது ஆண்டவருதுங்க" என்றாளாம் ஸ்டெல்லா.

"ஆண்டவரா போட்டுக்கப் போறாரு? பெரியவங்கதான போட்டுக்கறாங்க. சின்ன ஓட்டை, அத ஆரு உத்துப் பாக்கறா? இந்த ஆர்டர் நல்லபடியாப் போகட்டும். அடுத்ததுல ரெண்டு பெட்டியாக் குடுத்துக்கலாம்."

பெட்டியிலிருந்த நல்ல பீஸ்கள் லாரியில் ஏறின. பையர் ஒதுக்கிய பீஸ்கள் 'ஆண்டவருக்கு' என்று எழுதிய பெட்டிக்குள் போயின.

அந்த அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். துணியில் குறை எங்கே இருக்கிறது என்று காட்ட, அந்த இடத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பிய்க்காமலே மடித்துவிட்டார்கள்.

பெட்டி முன்கூட்டியே இல்லத்துக்குப் போயிருந்தது. பண்டிகை அன்று இல்லத்துப் பெரியவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். குளித்து, தலை வாரி, புது நீல டி-ஷர்ட் போட்டு, நடுப்பாதையில் வரிசையாக நடந்து வந்தார்கள். ஒருவருக்குத் தோளில் சிவப்பு அம்பு. ஒருவருக்கு வயிற்றில். இன்னொருவருக்கு நெஞ்சுக்கு நேராக... டிசைன் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

எங்கள் சபையில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் அவர்களின் குடும்பத்தார். அந்த அம்புக்கு அர்த்தம் தெரியாதவர் யார்? தெற்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்த எங்கள் ஆயர் ஒருவர்தான். யாரும் சிரிக்கவில்லை. பாடகர் குழு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"முதல் ஆர்டரை ஆசீர்வதிச்ச தேவனுக்கு நம்ம சகோதரர் டேனியல் இப்ப சாட்சி சொல்லுவாங்க" என்று ஆயர் அறிவித்தார்.

டேனியல் எழுந்து போனார். மைக்கைப் பிடித்தார். "ஸ்தோத்திரமுங்க" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் சிவப்பு அம்புகளைப் பார்த்தார்.

சாட்சியை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்.

"முதல் பெட்டி ஆண்டவருக்குன்னு இதே எடத்துல நின்னு சொன்னேனுங்க. அந்தப் பெட்டியில இருந்தது கப்பலுக்குப் போயிருச்சுங்க. இவங்க போட்டிருக்கறது பையர் வேண்டாம்னு ஒதுக்குனதுங்க. ஸ்டெல்லா வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கல." முன்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். "அடுத்த வாரம் நல்ல பீஸாக் கொண்டாந்து தர்றேனுங்க. இத நான் திருப்பி வாங்கிக்கறேனுங்க."

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சட்டென்று எழுந்தார். அவர் பெயர் மாரப்பன் என்று பிற்பாடு தெரிந்தது. டி-ஷர்ட்டின் காலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"திருப்பி வாங்கிக்கறீங்களா? வேண்டாமுங்க சாமி... புதுத்துணி போட்டு எத்தன காலமாச்சு. இது எங்கிட்டயே இருக்கட்டுமுங்க."

டேனியல் மைக்கை வைத்தார். இறங்கி வந்துவிட்டார். ஆயர் பிரசங்கக் குறிப்பை மடித்து வைத்துவிட்டு, "ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

டேனியலைத் திட்டத்தான் நானும் முதலில் நினைத்தேன். யோசித்தால், இதில் அவரை மட்டும் என்ன சொல்வது? பலிக்குக் கொண்டுவரும் ஆட்டில் பழுது இருக்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும். வீட்டில் பீரோவைத் திறந்து தானத்துக்குத் துணி எடுக்கும்போது கை எந்தப் பக்கம் போகிறது? சாயம் போனது, பட்டன் போனது, நமக்கு இறுக்கமானது... விடிகாலையின் தெளிந்த மனசு வேலைக்கு, கண் சொக்குகிற நேரம் ஜெபத்துக்கு. இதெல்லாம் எந்தக் கணக்கு?

டேனியல் பணத்தாசை பிடித்தவர் இல்லை. அவருக்கு இருந்தது பயம். பையர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆண்டவர் அனுப்பமாட்டார். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், பொறுத்துக்கொள்வார், கோபிக்கமாட்டார். அந்தத் தைரியம்தானே நம்மையெல்லாம் இப்படி ஆக்கிவைத்திருக்கிறது? நாம் அதை விசுவாசம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த ஞாயிறு டேனியலும் ஸ்டெல்லாவும் முதியோர் இல்லத்துக்குப் புறப்பட்டார்கள். நானும் கூடப் போனேன். இந்த முறை முதல் தரமான துணி, ஸ்டெல்லாவே கிட்ட உட்கார்ந்து தைக்கவைத்தது. பழையது எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பெரியவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாரப்பன் புதியதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பழையதையே போட்டுக்கொண்டு எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். காரில் வரும்போது டேனியல் கேட்டார்.

"அக்கா, நல்லதாவே குடுத்தாச்சுங்க. ஆனா நான் பொருத்தனை பண்ணுனது முதல் பெட்டியுங்களே. அத இனி எப்படீங்க குடுக்கறது?"

பின் சீட்டில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாராவாரம் இந்தப் பத்தியில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் எழுதுகிறவள் நான். இந்த வாரம் அவர் கேட்டதை அப்படியே உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆண்டவரிடம் மன்னிப்பு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் பெட்டிதான்... இந்நேரம் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்.