மியூட்டேஷன் கேட்டு ஒரு மன்றாட்டு

நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மாத்திரை திடீரென்று கேட்காமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. இருமல் திரும்பி வந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் மருந்துக்கடை அண்ணாச்சியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். "போலி மாத்திரைய தந்துட்டாருளா" என்று சண்டைக்குக் கிளம்பியவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் நல்ல பிள்ளை. திருச்செந்தூர் பஸ்ஸை வைத்தே விளக்கினார். புற்றுச் செல்லின் மேல் ரிசெப்டர் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு சீட். அங்கே ஆள் உட்கார்ந்தால்தான் செல்லுக்கு "வளரு" என்று உத்தரவு போகும். என் மாத்திரை ஜன்னல் வழியே துண்டு போட்டு அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது சீட்டே உருமாறியிருக்கலாம், துண்டு நிற்காமல் வழுக்குகிறது. அந்த மாற்றம்தான் மியூட்டேஷன். அதுதான் காரணமென்றால் புது மாத்திரை ஒன்று உண்டு, சீட்டோடு முடிச்சே போட்டுக்கொள்ளும். அது இல்லையென்றால் கீமோ. ரத்தத்தைச் சோதித்தால் தெரியும்.

கீமோவில் என் அக்கா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் உடம்பில் மியூட்டேஷன் இருக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ளும் கூத்து நடந்தது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு வைக்க வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மன்றாட்டு வாசிக்கும் எங்கள் கோயில் உபதேசியார்தான், நோய்க்காரி யாராவது மியூட்டேஷன் கேட்பாளா என்று நல்ல மனசோடு திருத்திவிட்டார். "நம் சகோதரியின் ரத்தத்தில் மியூட்டேஷன் எதுவும் இல்லாதிருக்க..." என்று அவர் மைக்கில் ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. கோயிலே சேர்ந்து கேட்டால் மாதா கொடுத்துத் தொலைத்துவிடுவாளே!

எழுந்துவிட்டேன். "ஐயோ, இருக்கணும்! அது இல்லன்னா நான் இருக்க மாட்டேன்!"

சொன்ன வேகத்தில் இருமலும் பிடித்துக்கொண்டது. பீடத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியார் என்னைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார். பிறகு, "இருக்க வேண்டி மன்றாடுவோம்" என்றார். என்ன ஏதென்று தெரியாமலே சனம் கூரை அதிரப் பதில் சொன்னது.

ரிசல்ட் வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் கிடைத்ததும் வீட்டுக்காரர் வேலையிடத்திலிருந்து போன் பண்ணினார். "ஏளா, இருக்குளா! இருக்கு!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. துறைமுக கேட்டில் எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தாராம். பேரன் பிறந்திருக்கானா என்று கேட்டவர்களிடம், "இல்ல, எம்பொண்டாட்டிக்கு மியூட்டேஷன் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார் மனுஷன்.

சீட் என்றைக்காவது மறுபடியும் மாறலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது. புது மாத்திரையை முதல்முறை விழுங்கிவிட்டுத் திரும்பினால், இவர் என் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பாக்கீய?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணுமில்லளா... எடம் கெடச்சிருச்சான்னு பாத்தேன்."