மூன்று மணிக்குக் கிளம்பிய நுஹாத்

ஜோர்தானின் வடக்கே, எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் நுஹாத் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர். யாருக்கு எப்போது திறப்பது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. எங்கள் மேட்டுத் தெருவுக்குச் செவ்வாய்; துணி துவைப்பதும் அன்றுதான்.

மூன்று மணிக்கு அலுவலகம் முடியும். ஆண்கள் நாங்கள் டைரக்டர் லைத்தின் அறையில் காபி குடித்தபடி ஐந்து வரை வெட்டி அரட்டை அடித்துவிட்டுத்தான் கைரேகை வைப்போம். நுஹாத் டாணென்று மூன்றுக்குக் கைரேகை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டுக்கல்ல. கடைசி வீட்டுக் குழாய்வரை தண்ணீர் ஏறியதா என்று தெருத்தெருவாகப் பார்ப்பார். எங்கள் மேட்டில் பாதி நாள் ஏறாது. ஏறாவிட்டால் வால்வு திறப்பவனைப் போனிலேயே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இந்த வருஷம் ஊழியர்களின் ஈடுபாட்டைக் கணக்கெடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. லைத் என்ன செய்தான் தெரியுமா? கைரேகை இயந்திரத்தைப் பார்த்து எழுதிவிட்டான்: ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு மனசெல்லாம் வீட்டில், ஈடுபாடு குறைவு. நுஹாத்தின் பெயர் கட்டாய ஓய்வுப் பட்டியலில் ஏறியது. காபி குடித்த எங்களுக்கு 'மிக நன்று'. த்தூ!

லைத் அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ஹஜ்ஜா, உழைச்சது போதும். வீட்டுல நிம்மதியா இருங்க."

வயதான பெண்களை, ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் என்று, அப்படிக் கூப்பிடுவது எங்களுக்கு மரியாதை. அவன் வாயில் அது வசவு.

"நான் எப்பய்யா ஹஜ்ஜுக்குப் போனேன்? லீவு போட்டாத்தானே போக! உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே இந்த ஊருக்குத் தண்ணி விட்டவ நான். மூணு மணிக்கு மேல எங்க போறேன்னு இதோ அபு ராகான் இருக்காரே, அவரையே கேளு. அவர் தெருவுக்கும்தான் வர்றேன்."

லைத் என் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா, அபு ராகான்?"

வாராவாரம் பார்த்தேன். என் மனைவியிடம் "தொட்டி ரொம்பிச்சா?" என்று அவர் கேட்காத செவ்வாய் உண்டா? ஆனால் எனக்கும் ஐம்பத்தாறு ஆகிறது. அடுத்த பட்டியலில் என் பெயர் வந்தால்?

"கவனிக்கல சார்" என்றேன். இந்த நாக்கு அழுகிப்போக!

நுஹாத் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது என்னருகில் நின்றார்.

"உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க, அபு ராகான். இனிமே செவ்வாய்க்கிழமை துணி ஊறப்போட வேணாம்னு."